67.16 டி.எம்.சி.க்கு அடியில் என்ன இருக்கிறது?

காவிரியின் குறுக்கே மேகேதாட்டில் அணை வேண்டும் என்று சொல்லும் கர்நாடகத் தலைவர்களுக்கும், கூடவே கூடாது என்று சொல்லும் தமிழகத் தலைவர்களுக்கும், இரண்டு பக்கமும் கோப்பு தயாரிக்கும் பொறியாளர்களுக்கும், விவசாய சங்கத்தாருக்கும்,

போன வாரம் ஒரு தொலைக்காட்சி விவாதத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மணி நேரம். இரண்டு மாநிலத்து ஆட்களும் இருந்தார்கள். டி.எம்.சி. (நூறு கோடி கன அடித் தண்ணீர்) என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஆரம்பித்து, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். காடு என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறீர்களோ அந்த இடத்தைப் பார்த்தவர் உங்களில் ஒருவராவது உண்டா என்ற சந்தேகம் அன்றைக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

நான் சேலம் மாவட்டம் கொளத்தூர் பக்கத்துக்காரன். வீட்டு மாடியில் ஏறினால் மேட்டூர் அணையின் தண்ணீர் தெரியும். (அது எங்கள் வயலுக்கு வராது, தஞ்சாவூருக்குப் போகும். அது வேறு கதை.) காவிரி விஷயத்தில் நான் நடுநிலைவாதி இல்லை. நடுவர் மன்றம் 2007-இல் தமிழகத்துக்கு 192 டி.எம்.சி. என்றது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியபோது எங்கள் ஊர் டீக்கடையில் இருந்த வருத்தம் எனக்கும் இருந்தது. மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளந்து தர வேண்டியதை அளந்து தர வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் எழுத வந்தது அளவைப் பற்றி அல்ல. சங்கமத்திலிருந்து ஒகேனக்கல் வரை ஆறு ஓடிவரும் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி. அதில் கொஞ்ச தூரம் பரிசலிலும் கொஞ்ச தூரம் கால்நடையாகவும் போயிருக்கிறேன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதல் தடவை போனது ஒரு பிப்ரவரி மாதம். பெங்களூருவிலிருந்து கனகபுரா வழியாகப் போனால் சங்கமம். அர்க்காவதி ஆறு காவிரியில் சேரும் இடம். சாலை அங்கே முடிந்துவிடுகிறது. மேகேதாட்டுக்குப் போக வேண்டுமானால் ஆற்றைப் பரிசலில் கடந்து, அக்கரையில் நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு ஒரு பழைய பஸ் உண்டு. அந்த பஸ்ஸைப் பார்த்ததும் நான் நடக்க முடிவு செய்தேன்.

பரிசல் மூங்கில் பட்டையில் பின்னி வெளியே தார் பூசியது. ஆறு பேர் குந்தினோம். பரிசல்காரர் கன்னடத்தில் ஆரம்பித்தார். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். நடு ஆற்றில் துடுப்பை நிறுத்தி, "பாருங்க சார், கோடு தெரியுதா?" என்றார். தெரிந்தது. ஒரு பக்கம் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற தண்ணீர். இன்னொரு பக்கம் சாம்பல் நிறத்தில், மேலே சோப்பு நுரை மிதக்கிற தண்ணீர். இரண்டும் கொஞ்ச தூரம் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, அப்புறம் கலக்கின்றன. நுரை வந்தது அர்க்காவதி பக்கத்திலிருந்து. பெங்களூருவின் சாக்கடையைச் சுமந்துகொண்டு விருஷபாவதி அர்க்காவதியில் சேர்கிறது, அர்க்காவதி காவிரியில் சேர்கிறது. "நாங்க இதைத்தான் சார் குடிக்கிறோம்" என்றார் அவர். நான் பதில் சொல்லவில்லை. நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம்.

அக்கரையில் இறங்கி நடந்தால் வழி முழுக்க ஆற்றை ஒட்டியே போகிறது. கரையில் நீர்மருது மரங்கள். வெள்ளை வெளேரென்ற அடிமரம், ஒன்றைக் கட்டிப்பிடிக்க மூன்று பேர் வேண்டும். வேர் பாதி தண்ணீருக்குள். மேலே இலைக்கூட்டத்தில் சுள்ளிகளால் ஆன உருண்டைக் கூடு ஒன்று இருந்தது. காக்கைக் கூடு என்று நினைத்தேன். கூட வந்த நண்பர், பறவை பார்க்கிறவர், தலையை ஆட்டினார். சாம்பல் நிற அணில். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்கென்றே சரணாலயம் இருக்கிறதே, அதே அணில். இங்கே அது ஆற்றங்கரை மரங்களை விட்டுப் போவதில்லை. மரத்துக்கு மரம் கிளை தொட வேண்டும், அப்போதுதான் அதற்கு வழி. நூறு மீட்டர் தள்ளி மலைச்சரிவில் இருப்பது முள்ளும் குட்டை மரமும்தான். அங்கே அதற்கு வேலை இல்லை.

இதைப் பொறியாளர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அணையில் தண்ணீர் ஏறினால் முதலில் மூழ்குவது இந்த ஒற்றை வரிசை மரங்கள்தான். 'மூழ்கும் காட்டுக்குப் பதிலாக வேறு இடத்தில் மரம் நடுவோம்' என்று எழுதுகிறீர்கள். எங்கே நடுவீர்கள்? ஆற்றங்கரைக் காட்டை ஆறில்லாத இடத்தில் நட முடியுமா?

பாதி வழியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் காய்ந்த எச்சம் கிடந்தது. குச்சியால் கிளறிப் பார்த்தால் முழுக்க மீன் செதிலும் நண்டு ஓடும். நீர்நாய் எச்சம். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பின்னால் வந்த உள்ளூர்ப் பையன் "நீரு நாயி" என்றான். கன்னடத்திலும் அதற்கு அதே பெயர்தான். இரண்டு மாநிலமும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றாவது இருக்கிறதே என்று நண்பர் சிரித்தார். கால் மணி நேரம் கழித்து எதிர்க்கரையில் ஐந்து தலைகள் வரிசையாக வந்தன. தண்ணீருக்குள் போவதும் வருவதும், விசில் போல ஒரு சத்தமும். ஒன்று மீனைக் கையில் பிடித்துக்கொண்டு, மக்காச்சோளக் கதிர் தின்பது போலத் தலையிலிருந்து கடித்தது. எலும்பு நொறுங்குவது இந்தக் கரை வரை கேட்டது.

மேகேதாட்டு வந்ததும் ஆறு சட்டென்று ஒடுங்குகிறது. அத்தனை அகலமாக வந்த காவிரி கருங்கல்லுக்கு நடுவில் ஒரு பிளவுக்குள் புகுந்து போகிறது. புலி துரத்திய ஆடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாண்டியது என்று கதை. நம் பக்கத்தில் ஆடுதாண்டு காவிரி என்பார்கள். பாறையில் எங்கு பார்த்தாலும் ஆட்டுரல் குழி போலக் குழிகள். ஒன்றுக்குள் கையை விட்டேன், முழங்கை வரை போயிற்று. அடியில் உருண்டையாக ஒரு கல் கிடந்தது. வெள்ளக் காலத்தில் சுழல் அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி அரைத்துத் தோண்டிய குழி அது. எடுத்துப் பார்த்துவிட்டு அதே குழியில் வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது தடவை போனது நம் பக்கம். அஞ்செட்டி வழியாக, ஒரு பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலனாக. மேகேதாட்டுக்குக் கீழே அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஆறுதான் மாநில எல்லை. காலையில் ஆற்று மணலில் யானைத் தடம். குட்டியின் தடமும் இருந்தது. எதிர்க்கரையிலிருந்து வந்து, நம் கரையில் ஏறி, காட்டுக்குள் போயிருந்தன. பன்னேர்கட்டாவிலிருந்து ஓசூர்க் காடு, காவிரி, மாதேஸ்வரன் மலை, சத்தியமங்கலம் என்று ஒரே தொடராக அவை நடக்கும் தடம் இது. கோடையில் தண்ணீர் வற்றும்போது முழங்காலளவு இருக்கும் இடங்கள் அவற்றுக்குத் தெரியும். இந்தத் தடத்தில் வருடம் முழுக்க ஆழமான தண்ணீர் நின்றால் யானை என்ன செய்யும்? திரும்பும். திரும்பி எங்கே போகும் என்பதைத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ராகிக்காட்டுக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இதெல்லாம் உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்குவீர்கள் என்று தெரியும். அதனால் உங்கள் மொழியிலேயே கொஞ்சம் பேசுகிறேன். கர்நாடகம் 2019-இல் கொடுத்த திட்ட அறிக்கைப்படி அணையின் கொள்ளளவு 67.16 டி.எம்.சி. செலவு 9,000 கோடி. மின்சாரம் 400 மெகாவாட். பெங்களூருவின் குடிநீருக்கு 4.75 டி.எம்.சி. மூழ்குவது ஏறக்குறைய 5,000 ஹெக்டேர். அதில் பாதிக்கு மேல் காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள். 1987-இல் அந்தச் சரணாலயத்தை அறிவித்ததும் கர்நாடக அரசு, பிற்பாடு அதை 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரித்ததும் கர்நாடக அரசு. இப்போது அதன் நடுவில் தண்ணீர் தேக்கக் கேட்பதும் அதே அரசு. குடிக்க 4.75 வேண்டும் என்பதற்காக 67.16-க்குக் குழி தோண்டுவது என்ன கணக்கு? ஒரு செம்புத் தண்ணீருக்கு யாராவது கிணறு அளவுக்குத் தொட்டி கட்டுவார்களா?

பெங்களூருவுக்குத் தண்ணீர் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, என் அக்கா மகள் வேலை பார்க்கும் அந்த ஊரில் குளிக்க லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தாள். அதே ஊரின் கழிவுநீர்தான் விருஷபாவதியில் கறுப்பாக ஓடி, நான் பரிசலில் பார்த்த அந்தக் கோட்டுக்கு வந்து சேர்கிறது. அதைச் சுத்தம் செய்து திருப்பி எடுத்தால் எத்தனை டி.எம்.சி. கிடைக்கும் என்று ஒரு விவாதத்திலாவது சொல்லுங்களேன்.

2022 ஜனவரியில் அணை கேட்டு ஒரு பெரிய நடைபயணம் சங்கமத்திலிருந்துதான் புறப்பட்டது. பெங்களூருவை நோக்கி நடந்தார்கள். தார்ச்சாலையில், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பரிசலேறி அக்கரைக்குப் போய் எதிர்த்திசையில் நாலு கிலோமீட்டர் நடந்திருந்தால் போதும், என்ன மூழ்கப்போகிறது என்று பார்த்திருக்கலாம்.

நம் பக்கமும் சொல்லும்படி இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. நல்லது. ஆனால் மேடைகளில் நாம் பேசுவதைக் கேட்டால், தண்ணீர் மட்டும் சரியாக வந்துவிட்டால் அந்தக் காடு மூழ்கினாலும் நமக்குக் கவலையில்லை என்பதுபோல இருக்கிறது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. மேகேதாட்டில் அவர்கள் கட்டக்கூடாது, ராசிமணலில் நாம் கட்டுவோம் என்று விவசாய சங்கத்தார் சிலர் கேட்கிறீர்கள். ராசிமணல் எங்கே இருக்கிறது? அதே பள்ளத்தாக்கில், கொஞ்சம் கீழே. அதே மருத மரம், அதே நீர்நாய், அதே யானை. 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தோம். 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்துப் பெருமைப்பட்டோம். நீர்நாய், முதலை, ஆற்று ஆமை இவற்றுக்கெல்லாம் பாதுகாப்பு என்றோம். அவர்கள் மூழ்கடித்தால் அநியாயம், நாம் மூழ்கடித்தால் பாசனமா?

இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. எங்கள் அம்மாயி பிறந்த ஊர் மேட்டூர் அணைக்கு உள்ளே இருக்கிறது. 1925-இல் வேலை தொடங்கி 1934-இல் அணை முடிந்தபோது அம்மாயிக்கு எட்டு வயது. ஊரை விட்டு வரும்போது வீட்டு நிலைக்கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். அந்தக் கதவு இப்போதும் என் வீட்டில் இருக்கிறது, நாங்கள் கட்டிய நிலைக்குப் பொருந்தாமல் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறோம். நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வருவார்கள். அம்மாயி ஒரு தடவைகூடப் பார்க்க வரமாட்டாள். "தண்ணிக்குள்ள போனது போனதுதான், அதை எதுக்குப் போயிப் பாத்துக்கிட்டு" என்பாள்.

மேட்டூர் கட்டியது தப்பு என்று சொல்லவில்லை. 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்த அணையால் டெல்டா சோறு தின்கிறது. ஆனால் அதற்கு ஆறு என்ன கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் தாத்தா காலத்தில் ஆள் உயர மீன் பிடித்ததாகச் சொல்வார்கள். கதை என்றுதான் நினைத்திருந்தேன். முதுகில் திமிலோடு இருக்கும் காவிரி மகசீர் 50 கிலோவைத் தாண்டி வளர்ந்த மீன் என்று பிறகுதான் தெரிந்தது. உலகத்தில் காவிரியையும் அதன் துணையாறுகளையும் தவிர வேறெங்கும் கிடையாது. அறிவியல் பெயர் உறுதியானதே 2018-இல்தான். அதே வருடம் மிக அருகிய இனம் என்று பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பெயர் வைத்த கையோடு அபாயச் சங்கு. அதற்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும், முட்டையிடக் கூழாங்கல் வேண்டும். தேங்கிய தண்ணீரில் என்ன கிடைக்கும் என்று எங்கள் ஊர் மீன்கடைக்கு வந்து பாருங்கள். ஜிலேபிக் கெண்டை, கட்லா, ரோகு. எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை.

ஆகவே நான் கேட்பது இவை.

கர்நாடகத் தலைவர்களே, மூழ்கும் எல்லையின் வரைபடத்தையும், அதற்குள் இருக்கும் மரம், விலங்கு, ஊர் இவற்றின் கணக்கையும் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடுங்கள். அணைக்கு எந்த அனுமதி கேட்பதற்கும் முன்னால் அது மக்கள் கையில் இருக்க வேண்டும். விருஷபாவதிச் சாக்கடையைச் சுத்தம் செய்வதற்குத் தேதி போட்டு ஒரு திட்டம் சொல்லுங்கள். அது முடியும் வரை குடிநீர் என்ற காரணத்தைச் சொல்லி அணை கேட்காதீர்கள்.

தமிழகத் தலைவர்களே, இனி மேகேதாட்டு பற்றி எங்கே பேசினாலும், மேடையிலும் மனுவிலும், தண்ணீருக்குச் சமமாகக் காட்டையும் வையுங்கள். ராசிமணலில் அணை கட்டமாட்டோம் என்று வெளிப்படையாக அறிவியுங்கள். அதைச் சொல்லாமல் மேகேதாட்டுக் காட்டுக்காக நாம் வாதாடினால் யாரும் நம்பமாட்டார்கள். சங்கத்தாரே, அந்தக் கோரிக்கையை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் மற்ற கோரிக்கைகளுக்கு நானும் வந்து உட்காருகிறேன்.

இரண்டு மாநில வனத்துறையும் சேர்ந்து சங்கமத்திலிருந்து ஒகேனக்கல் வரை இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும். எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் இருப்பதால் நீர்நாயைப் பாதிப் பாதியாக எண்ண முடியாது. அந்தக் குழுவில் பரிசல்காரர்களும் உள்ளூர் மீனவர்களும் சம்பளத்தோடு இருக்க வேண்டும். எந்த மடுவில் முதலை படுக்கும், எந்த இடத்தில் யானை கடக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அறிக்கையில் அவர்கள் பெயரும் வர வேண்டும்.

பொறியாளர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. வரும் பிப்ரவரியில் ஒரு நாள் ஒதுக்குங்கள். இரண்டு மாநிலத்திலிருந்தும் மூன்று மூன்று பேர் வந்தால் போதும், ஒரே பரிசலில் அடங்கிவிடுவீர்கள். கொடி கட்டிய கார் சங்கமத்திலேயே நிற்கட்டும். அக்கரையில் பஸ்ஸில் ஏறாதீர்கள், நடங்கள். எட்டு மணிக்கு முன்னால் கிளம்பினால் நீர்நாய் தெரியும். மேகேதாட்டுப் பாறையில் அந்தக் குழியைத் தேடிப் பாருங்கள், நான் வைத்த கல் இன்னும் அதற்குள்தான் இருக்கும், அதற்கப்புறம் வந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்காவிட்டால்.

கொளத்தூர்க்காரன் ஒருவன்
காவிரிக் கரையிலிருந்து